மேசையைப் பார்த்தோம், அடுக்களையைப் பார்த்தோமா?

என் சித்தப்பா மகன் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். புது மெஷின் ஒன்றைப் பழகி வரச் சொல்லி மூன்று வாரம் சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு அனுப்பினார்கள். போன மறுநாளே ராத்திரி வாட்ஸப்பில் அவன் குரல்: "அண்ணா, இங்க ஓட்டல்ல ஒரு கூத்து. டீயக் கொண்டாந்து வெச்சாங்க. குடிக்கலாம்னு பாத்தா, கூட வந்த சீனாக்காரர் அந்த டீயவே ஊத்தி கிண்ணம், கரண்டி, குச்சி எல்லாத்தையும் அலசுறார்ணா! அப்ப கழுவாத பாத்திரத்தையா வெக்கிறாங்க? எனக்கு சோறே எறங்கல."

"சரிடா, நம்ம ராயக்கோட்டை மெஸ்ஸுல எலை போட்டதும் நீ மொதல்ல என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"தண்ணி தெளிச்சுத் தொடைப்பேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அட, ஆமால்ல!"

வெளிநாட்டு ஓட்டல்களைப் பற்றித் தமிழில் வரும் எழுத்தின் கோளாறு இந்த உரையாடலுக்குள்ளேயே இருக்கிறது. பயணக் கட்டுரை, யூடியூப் காணொளி, குடும்ப வாட்ஸப் குழு, எதை எடுத்தாலும் ஓர் ஓட்டல் அத்தியாயம் இருக்கும். அது இரண்டே ராகத்தில் ஓடும். ஒன்று, "அடேயப்பா, என்ன சுத்தம்! நம்ம ஊரும் இருக்கே." இன்னொன்று, "சீ, கை கழுவக்கூடத் தண்ணி இல்லை, நம்ம ஊர்தான் சொர்க்கம்." இரண்டையும் நிறையப் படித்துவிட்டேன். இரண்டிலும் ஒரே குறைதான் என்று தோன்றுகிறது: பழக்கமில்லாததை எல்லாம் சுத்தம், அசுத்தம் என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம்.

குவாங்சோ டீயையே எடுத்துக்கொள்வோம். குவாங்டாங், ஹாங்காங் பக்கத்தில் சாப்பிடும் முன் பாத்திரத்தைச் சூடான டீயிலோ வெந்நீரிலோ அலசுவது பழைய வழக்கம். அலசின நீரை ஊற்றப் பெரிய கிண்ணம் ஒன்றும் மேசையில் வரும். இப்போது பல கடைகளில் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய பாத்திரம் வருகிறது. அதையும் கிழித்து அலசத்தான் செய்கிறார்கள். கிருமி சாகுமா என்றால், பெரும்பாலும் சாகாது. கையால் கழுவும் பாத்திரத்தை வெந்நீரால் கிருமி நீக்க, அமெரிக்க உணவு விதிநூல் 77 டிகிரி சென்டிகிரேடு நீரில் 30 விநாடி முக்கி வைக்கச் சொல்கிறது. ஆறிக்கொண்டிருக்கும் டீயில் ஐந்து விநாடி அலசுவதும், இலையில் சொம்புத் தண்ணீர் தெளிப்பதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். ஒட்டியிருக்கும் தூசு போகும், மனசு சமாதானமாகும். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து ஒரு நாட்டையே அசுத்தம் என்று எழுதுகிறவர், தன் இலையில் தெளித்த தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்றும் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து கை. "வெள்ளைக்காரன் கை கழுவாம சாப்பிடறான்" என்பது நம்மாட்கள் விரும்பி எழுதும் வரி. அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய உணவகங்களில் சாப்பிடும் கூடத்திலேயே வாஷ்பேசின் இருப்பது அபூர்வம்; கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். முள்கரண்டி இருக்கிறதே என்று நினைத்தாலும், ரொட்டியையும் பீட்சாவையும் பர்கரையும் வெறுங்கையில்தான் எடுக்கிறார்கள். ஜப்பானில் உட்கார்ந்ததுமே ஈரத்துண்டு தருகிறார்கள், கை துடைக்க. கையால் சாப்பிடுகிற நம் ஊரில், எவ்வளவு சின்ன ஓட்டலானாலும் கை கழுவ ஓர் இடம் இருக்கும். இது நாம் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் மிச்சப் பாதியையும் எழுத வேண்டுமே! வாஷ்பேசின் இருக்கும், சோப்பு இருக்காது. நாம் நன்றாகக் கை கழுவுவது சாப்பிட்ட பிறகு, எண்ணெய் போக. சாப்பிடும் முன் விரல் நுனியை நனைப்பதோடு சரி. நோரோ வைரஸ் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு இந்த நனைப்பு பத்தாது. சோப்புப் போட்டு 20 விநாடியாவது ஓடும் நீரில் தேய்க்க வேண்டும். அந்தக் கிருமிக்கு, சீனாவுக்குப் போகிறவர்கள் பையில் வைத்துக்கொண்டு போகும் சானிடைசரும் அவ்வளவாக உதவாது.

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் தவறாமல் எழுதுவது தட்டு விஷயம். "சாப்பிட்ட தட்ட நாமளே எடுத்து வெக்கணுமாம்." ஹாக்கர் சென்டர்களில் 2021 செப்டம்பர் 1 முதல் இது சட்டப்படி கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 டாலர் அபராதம். அதே மேசையில் காலி நாற்காலியை ஒரு டிஷ்யூ பாக்கெட் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள், யாரும் தொடமாட்டார்கள். இரண்டுமே நமக்குப் புதுசுதான். ஆனால் இரண்டையும் "விநோதம்" என்ற ஒரே தலைப்பில் போட்டால் எப்படி? டிஷ்யூ வெறும் பழக்கம். தட்டு விஷயம், நம் எச்சிலை யார் எடுப்பது என்ற பெரிய கேள்வி. இந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த எழுத்தின் பெரிய குறை, எல்லாரும் மேசையைத்தான் பார்க்கிறார்கள் என்பது. விரிப்பு வெள்ளை, கண்ணாடி பளபளப்பு, பரிமாறுகிறவர் கையில் உறை, முடிந்தது, "சுத்தம்." ஆனால் வயிற்றைக் கெடுப்பவை அடுக்களையில் இருக்கின்றன: பச்சைக் கறியை வெட்டிய பலகையிலேயே காய் வெட்டுவது, வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைப்பது. மேசையிலிருந்து இது தெரியாது என்பதால்தான் நாடுகள் அடுக்களையின் நிலையை வாசலில் எழுதி ஒட்ட வைக்கின்றன. சிங்கப்பூர் 1997-லேயே கடைகளுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போட்டது. நியூயார்க் 2010-ல் எழுத்து அட்டை முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 0 முதல் 5 வரை மதிப்பெண். வேல்ஸில் அதை வாசலில் ஒட்டுவது 2013 முதல் கட்டாயம். இங்கிலாந்தில் கடைக்காரர் விருப்பம். குறைந்த மதிப்பெண் வாங்கியவர் ஒட்டுவாரா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பயணிகள் மெனுவைப் படமெடுத்துப் போடுகிறார்கள், அந்த அட்டையைப் படமெடுத்துப் போட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெளிநாட்டு ஓட்டலைச் சரியாகப் பார்த்த ஆள் யாருமே இல்லையா? ஒருவர் இருக்கிறார், நமக்குப் பக்கத்திலேயே. ராயக்கோட்டையில் ரயிலேறினால் போய்ச் சேரும் பெங்களூரில், லால்பாக் பக்கம் இருக்கிற எம்டிஆர். 1924-ல் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் தொடங்கிய கடை. அந்தக் குடும்பத்தின் யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பா போனார். அங்கே ஓட்டல்கள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். திரும்பி வந்து, பாத்திரங்களை நீராவியில் கிருமி நீக்கும் ஏற்பாட்டைச் செய்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திறந்துவிட்டார். நல்ல சாப்பாட்டுப் பழக்கம் பற்றி வாடிக்கையாளர்களுக்குச் சின்னப் புத்தகமும் கொடுத்தார். அங்கே சாப்பிட்டது என்ன, எவ்வளவு காசு என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தால் இந்நேரம் மறந்திருப்போம். அவர் கொண்டுவந்தது ஒரு முறை. முள்கரண்டியையும் மேசை விரிப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, கழுவும் முறையை மட்டும் எடுத்துவந்தார். இட்லி இட்லியாகவே இருந்தது.

அந்தக் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அவசரநிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு மலிவு விலை நிர்ணயித்தபோது, அந்த விலைக்குத் தங்கள் தரத்தைத் தர முடியாமல் கடையையே கொஞ்ச காலம் மூடினார்கள். சுத்தத்துக்குக் காசு ஆகும். வெந்நீருக்கு எரிபொருள், கழுவ ஆள், ஆளுக்குச் சம்பளம். "அங்க எவ்ளோ சுத்தம்" என்று எழுதுகிறவர், அங்கே ஒரு சாப்பாட்டுக்கு என்ன கொடுத்தார், இங்கே என்ன கொடுக்கத் தயார் என்பதையும் சேர்த்து எழுதினால் கணக்கு நேராகும்.

ஆனால் எம்டிஆரையும் கும்பிட்டுவிட்டு நகர முடியாது. அந்தக் கடை தொடங்கியபோது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. அக்காலத்தில் அந்தப் பெயர் ஒரு சுத்தச் சான்றிதழ். எந்த ஆய்வாளரும் கொடுக்காத சான்றிதழ். சமைக்கிறவர் சாதியே சுத்தம் என்று ஊர் நம்பியது. தமிழ்நாட்டிலும் 'பிராமணாள்' என்ற பலகை இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயில் அந்தச் சொல்லை அழிக்க 1957-ல் பெரியார் போராட்டம் தொடங்க வேண்டி வந்தது. மடி வேறு, சுகாதாரம் வேறு. மடி, யார் தொட்டார் என்று கேட்கும். சுகாதாரம், எப்படிக் கழுவினார் என்று கேட்கும். நம் பயண எழுத்து சுகாதாரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பல இடங்களில் முதல் கேள்வியைத்தான் கேட்கிறது.

எங்கள் பக்கத்து டீக்கடை ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். உத்தனப்பள்ளி, ஓசூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் பெருகின பிறகு ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இந்த ரோட்டில் நிறைய. ஒருநாள் காலையில் கவனித்தேன். எனக்குக் கண்ணாடி டம்ளர், பக்கத்தில் நின்ற இரண்டு வடக்கத்திப் பையன்களுக்கு பேப்பர் கப். அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. "ஏண்ணே அவங்களுக்கு மட்டும் கப்பு?" என்று கேட்டேன். "சுத்தத்துக்குத்தான் சார். அதுங்க எங்க படுக்குது, என்ன சாப்புடுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். குரலில் வன்மம் எதுவும் இல்லை. சுத்தத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் அவர் நம்பினார்.

இரட்டைக் குவளை பார்த்த மாநிலம் இது. கொட்டாங்குச்சி போய், தனி டம்ளர் போய், இப்போது பேப்பர் கப் வந்து நிற்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பது ஒரு பக்கம். அரசியலமைப்பின் 15-வது பிரிவு கடை, உணவகம் விஷயத்தில் சாதி, மதத்தோடு 'பிறந்த இடம்' என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதையெல்லாம் விடுங்கள். டம்ளரை ஒழுங்காகக் கழுவினால் யார் குடித்தாலும் கவலையில்லை. ஒழுங்காகக் கழுவவில்லை என்றால், எனக்குக் கொடுத்த டம்ளரும் ஆபத்துதான். அந்தக் கடையில் எல்லா டம்ளரும் ஒரே வாளித் தண்ணீரில்தான் முங்கி எழுந்தன. நான் அதில்தான் குடித்துக்கொண்டிருந்தேன், மரியாதையோடு.

குவாங்சோவில் யாராவது என் தம்பிக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்து, "இந்தியாக்காரன், கையால சாப்புடறவன்" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? வெளிநாட்டு ஓட்டலைப் பற்றி எழுதும்போது நாம் விருந்தாளி. இந்த ரோட்டில் நாம் கடைக்காரர் பக்கம். இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோலைப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் எழுதுகிறவருக்குப் பரீட்சை.

தம்பி திரும்பி வந்துவிட்டான். போன ஞாயிறு இரண்டு பேரும் வழக்கமான மெஸ்ஸுக்குப் போனோம். இலை போட்டார்கள். தண்ணீர் தெளிக்கப் போனவன் நிறுத்திவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனான். இரண்டு நிமிஷம் கழித்து வந்து உட்கார்ந்தான். "ஒரு அக்கா மட்டும்தாண்ணா எல்லாத்தையும் கழுவுது. தொட்டித் தண்ணி காலைல புடிச்சதாம். கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

சாப்பிட்டு முடித்து முதலாளியிடம் சொன்னோம். குழாய் போட்டுத் தருகிறேன் என்றார். போடுகிறாரா என்று அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.