கைக்கிளை விடுபட்ட இடம்

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கிட்டார் பழகுகிறார். 'ரெண்டு வெரலு போதும் அண்ணாச்சி, இதுதான் பவர் கார்டு' என்று வாசித்துக் காட்டினார். ஆறாம் கம்பியில் ஆள்காட்டி விரல். ரெண்டு கட்டம் தள்ளி ஐந்தாம் கம்பியில் மோதிர விரல். பக்கத்திலிருந்த சர்ச் கிட்டார்காரர், 'இது அரைகுறை கார்டு, சோம்பேறிக்கு உள்ளது' என்றார். இந்த 'அரைகுறை'யைத்தான் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்ஜமம், பஞ்சமம் என்று இரண்டே சுரங்கள். காந்தாரம் கிடையாது. மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் சந்தோஷம்/துக்கம் என்ற எதிர்வே செயலிழக்கிறது. இது குறை அல்ல, தேவை. ஆம்ப்ளிபயரில் டிஸ்டார்ஷன் ஏற்றும்போது, வாசிக்காத சுரங்களும் பிறக்கின்றன. 3:2 விகிதத்தில் நிற்கும் பஞ்சமத்தோடு அவை ஆதார சுரத்துக்கே வலுச் சேர்க்கின்றன; காந்தாரம் நுழைந்தால் ஒலி கலங்கிவிடும்.

பழம் பெயரில் குரலும் இளியும், விடுபட்டது கைக்கிளை. 'தம்புராவில் இதுதானே இருக்கு, எல்லாம் நம்மகிட்ட இருந்ததுதான்' என்று தமிழ்ப் புலமை மார்தட்டும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தப்பு. தம்புராவின் ச-ப அசையாத தரை. ராகம் அதன்மேல் நடக்கிறது. பவர் கார்டில் விரல்களின் அமைப்பு மாறாமல் கை மேலும் கீழும் ஓடுகிறது, தரையே நகர்கிறது. உறவு ஒன்று, செயல்பாடு எதிரெதிர். அர்த்தம் சுரத்தில் இல்லை, அமைப்பில் அது வகிக்கும் இடத்தில் இருக்கிறது.

'பவர்' என்ற பெயரும் ஏமாற்றுகிறது. லிங்க் ரே 1958இல் 'ரம்பிள்' வாசித்ததிலிருந்து இந்த ஒலிக்கு முரட்டுத்தனம் என்றே பேர். ஆனால் அதைக் கனமாக்கிய பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, 1965இல் பர்மிங்காம் தகட்டு ஆலையில் கம்பி அழுத்தும் கையின் இரு விரல் நுனிகளை மிஷினுக்குக் கொடுத்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி நுனி செய்து மாட்டிக்கொண்டார். பின்னாளில் கம்பிகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். அந்த ஒலிக்குள் இருப்பது அதிகாரம் மட்டுமல்ல, காயம்பட்ட ஒரு தொழிலாளியின் கை. இதைச் சொன்னபோது சிப்காட் தம்பி தன் விரல்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக் கிட்டாரோடு நிறுத்தியது. கானாவுக்கும் ஒப்பாரிக்கும் அவற்றுக்கே உரிய காந்தாரம் உண்டு. கார்டுப் புத்தகத்தின் மேஜர்-மைனருக்குள் அது அடங்காது. கிட்டார் அந்த இடத்தைக் காலியாக விட்டால்தான் பாடுகிறவர் அங்கே நிற்க முடியும். தம்பி இன்னும் பாடத் தொடங்கவில்லை. மற்ற நாலு கம்பிகளைச் சத்தம் போடாமல் அடக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். கஷ்டமான பாடம் அதுதான்.