மருந்து உதவியும் மருந்து விலையும்

2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கைப்பணத்திலிருந்தே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கைப்பணத்தில் பெரும்பங்கு மருந்துக்கடைக்குத்தான் போகிறது. அறுவை சிகிச்சை ஒருமுறை வரும் செலவு. நகையை அடகு வைத்தோ, காப்பீட்டு அட்டையைக் காட்டியோ, உறவினரிடம் கைமாற்று வாங்கியோ சமாளித்துவிடலாம். மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரை அப்படியல்ல. நோய் இருக்கும்வரை அந்தச் செலவும் இருக்கும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர், ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், அரிய மரபணு நோயோடு பிறந்த குழந்தையின் பெற்றோர் எனப் பலர் இந்தச் சுமையோடு நம் தெருவிலேயே வாழ்கிறார்கள்.

இவர்களுக்கு உதவி கிடைக்கும் வாசல்கள் பல உண்டு. மருந்து நிறுவனங்களே நடத்தும் நோயாளி உதவித் திட்டங்கள், அறக்கட்டளைகள், பிரதமரின் தேசிய நிவாரண நிதி, இணையவழி நிதி திரட்டல் என்று பட்டியல் நீளும். இவற்றால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் உதவி தேடி அலைவதே மருந்து வாங்கும் இயல்பான வழியாகிவிட்ட நிலையில், அந்த வழியை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த உதவி தேவைப்படும் எல்லோரையும் சேர்கிறதா? நோய் உள்ள வரை நீடிக்கிறதா? மருந்தின் விலையை அது என்ன செய்கிறது?

முதலில் உதவித் திட்டங்களின் நல்ல பக்கத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்ற மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற அந்த மாத்திரை, சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த நோயைச் சர்க்கரை நோய்போல மாத்திரையோடு வாழக்கூடியதாக மாற்றியது. இந்தியாவில் அப்போது அதன் விலை மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாயாக இருந்தது. அந்த நிறுவனம் மேக்ஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து 2002இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் கிளிவெக் பெறுவோரில் சுமார் 95 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16,000 பேர், காசு கொடுக்காமலே பெறுவதாக 2013இல் நோவார்ட்டிஸ் கூறியது. இது சிறிய காரியமல்ல. மருந்தோடு நோயாளியின் பெயர் பதிவாகிறது, மருத்துவர் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கிறார், ரத்தப் பரிசோதனை நடக்கிறது, மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதபடி ஒருவர் தொலைபேசியில் விசாரிக்கிறார். விலையைக் குறைக்கச் சட்டப் போராட்டம் பத்தாண்டு எடுக்கலாம். நோயாளிக்குப் பத்தாண்டு இல்லை. அந்த இடைவெளியில் உயிரைப் பிடித்து நிறுத்துவது இத்தகைய உதவிதான்.

இனி முதல் கேள்வி. உதவி பெற ஒரு குடும்பம் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், மருத்துவரின் கடிதம், திசுப் பரிசோதனை அறிக்கை, வேறெங்கும் காப்பீடு இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு வருமானச் சான்றும் வேண்டும். சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். பிறகு குறிப்பிட்ட மருத்துவமனையில் அந்தத் திட்டத்தில் பதிவுசெய்த மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில திட்டங்களில் சாப்பிட்டு முடித்த காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த மாத மருந்து கிடைக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு காரணம் உண்டு. மருந்து வெளிச்சந்தைக்குப் போய்விடக் கூடாது என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் இத்தனையையும் செய்து முடிக்கக்கூடியவர் யார்? படித்த மகனோ மகளோ வீட்டில் இருப்பவர், நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வரமுடிந்தவர், கூலியை இழந்து நான்கு முறை அலைய முடிந்தவர். தேவை மிகுந்தவர் யாரோ அவருக்கே இந்த வாசல் குறுகலாக இருக்கிறது. திட்டம் இருக்கிறது என்பதையே மருத்துவர் சொல்லாவிட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு கூட்டமும் வெளியே நிற்கிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் பத்தாயிரம். மாதம் இருபதாயிரம் சம்பளம் வாங்கும் துணிக்கடை ஊழியர் அந்த வரம்புக்கு மேலே இருக்கிறார். புற்றுநோய் மாத்திரையின் விலைக்கோ வெகு கீழே இருக்கிறார். ஏழை என்று நிரூபிக்கவும் முடியாமல், வாங்கவும் வழியில்லாமல் இருப்பவர்களைப் பெரும்பாலான உதவித் திட்டங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது கேள்வி நீடிப்பது பற்றியது. நிறுவனம் மனமுவந்து தருவதை நிறுவனமே நிறுத்தலாம், நிபந்தனையை மாற்றலாம், முழு இலவசத்தைப் பாதி விலை ஆக்கலாம். நோயாளிக்கு அதில் உரிமை எதுவும் இல்லை. இணையவழி நிதி திரட்டலில் இந்த நிலையாமை இன்னும் கூர்மையாகத் தெரியும். முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்கான ஜோல்ஜென்ஸ்மா என்ற ஒருமுறை ஊசியின் விலை 2021இல் சுமார் 16 கோடி ரூபாய். அந்த ஆண்டு நாடெங்கும் சில குழந்தைகளுக்காக மக்கள் நூறும் இருநூறுமாகப் போட்டு அந்தத் தொகையைச் சேர்த்தார்கள். இறக்குமதி வரியை ஒன்றிய அரசு தள்ளுபடி செய்தது. முகம் தெரியாத குழந்தைக்காக லட்சக்கணக்கானோர் பணம் அனுப்பியது இந்தச் சமூகத்தைப் பற்றி நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளின் படங்கள் அந்த அளவுக்குப் பரவவில்லை. எந்தக் குழந்தை பிழைக்கும் என்பதை நோயின் தீவிரமோ மருத்துவரின் முடிவோ தீர்மானிக்காமல், ஒரு காணொளி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது தீர்மானித்தது. தன் பிள்ளையின் வேதனையை உலகுக்குப் படம்பிடித்துக் காட்டினால்தான் மருந்து என்ற நிலைக்குப் பெற்றோரைத் தள்ளுவது, அவர்களுடைய மானத்தையும் சேர்த்து விலையாகக் கேட்பது.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது. உதவித் திட்டம் நோயாளியின் சுமையைக் குறைக்கிறது, விலையைக் குறைப்பதில்லை. சில நேரம் விலை உயர்ந்தே இருப்பதற்கு அதுவே காரணமாகக் காட்டப்படுகிறது. கிளிவெக் கதையின் மறுபாதி நம் சென்னையில் நடந்தது. 2003இல் அந்த மருந்துக்கு இந்தியாவில் தனி விற்பனை உரிமை கிடைத்ததும், அதே மருந்தைப் பொதுப்பெயரில் மலிவாகத் தயாரித்த இந்திய ஜெனரிக் நிறுவனங்கள் மீது நோவார்ட்டிஸ் வழக்குத் தொடுத்தது. 2004இல் சென்னை உயர் நீதிமன்றம் சில நிறுவனங்களின் உற்பத்திக்குத் தடை விதித்தது. ஒரு பக்கம் இலவசமாகத் தந்த அதே நிறுவனம், மாதம் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்த மாற்று மருந்தை மறுபக்கம் நிறுத்தப் பார்த்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது. ஏற்கெனவே உள்ள பொருளின் புதிய வடிவத்துக்கு, பலன் கூடியதாக நிரூபிக்காவிட்டால், காப்புரிமை இல்லை என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து அந்த நிறுவனம் போட்ட மனுவை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. அதன்பின் இமாட்டினிப் வாங்க எந்த நிறுவனத்தின் கருணையும் தேவைப்படவில்லை. விண்ணப்பமும் வருமானச் சான்றும் இல்லாமல் மருந்துக்கடையில் வாங்க முடிந்தது.

ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராபெனிப் மருந்திலும் இதே பாடம் கிடைத்தது. பேயர் நிறுவனம் விற்ற அந்த மருந்துக்கு மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய். தன்னிடம் உதவித் திட்டம் இருப்பதைப் பேயர் எடுத்துக்காட்டியும், 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமையாளரின் சம்மதமின்றித் தயாரிக்கும் அனுமதி, வழங்கப்பட்டது. விலை மாதம் 8,880 ரூபாய் ஆனது. கொடை என்பது நியாய விலைக்கு ஈடாகாது என்ற முடிவை அந்த உரிமத்தில் நாம் வாசிக்கலாம்.

அரசே பணம் கொடுத்தாலும் விலை குறையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைய கணக்கு ஒன்று போதும். அரிய நோய்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை இப்போது ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை தர வழிசெய்கிறது. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவுக்கு வாழ்நாள் முழுதும் குடிக்க வேண்டிய ரிஸ்டிப்ளாம் மருந்தை ரோஷ் நிறுவனம் ஒரு குப்பி சுமார் 6.2 லட்சத்துக்கு விற்றது. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு ஒரு குப்பி பன்னிரண்டு நாள் வரும். சலுகை எதையும் சேர்க்காமல் பார்த்தால், அரசு தரும் 50 லட்சம் எட்டுக் குப்பியோடு தீர்ந்துவிடும். அதாவது மூன்று மாதம் சொச்சம். டெல்லி உயர் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தபின், 2025 அக்டோபரில் நாட்கோ அதே மருந்தின் ஜெனரிக் வடிவத்தைக் குப்பி 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றமும் தடைவிதிக்க மறுத்தது. இந்த விலையில் அதே 50 லட்சம் பத்து ஆண்டுகளுக்கு மேல் வரும். உதவித் தொகை ஒரு ரூபாய்கூட உயரவில்லை. விலை இறங்கியதால் மூன்று மாதம் பத்து ஆண்டானது.

உதவி கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதுமுள்ள அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. வாங்கிய மருந்தை ஆய்வகத்தில் சோதித்தபின் மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. அரசு மருத்துவமனையின் மருந்து வழங்கும் சன்னலில் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும், ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகங்களும் தனியார் மருத்துவரிடம் போகிறவருக்கும் மலிவு விலை மருந்தைத் தருகின்றன.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. பட்டியலில் உள்ள மருந்தே சில நாள் தீர்ந்துபோய், “வெளியில வாங்கிக்கோங்க” என்று சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். விலை உயர்ந்த புதிய மருந்துகள் பட்டியலுக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். புறநோயாளி மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு உதவுவதில்லை. மலிவு மருந்தகம் பக்கத்துத் தெருவில் இருந்தாலும், சீட்டில் நிறுவனப் பெயர் எழுதியிருந்தால் அது வேறு மருந்து என்று எண்ணி மக்கள் திரும்பிவிடுகிறார்கள். மருந்தின் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதி, எதிர்ப்பு எழுந்ததால் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. இவை திருத்தக்கூடிய குறைகள். கொடையாளரின் மனத்தை நம்பியிருப்பது அப்படித் திருத்தக்கூடியதல்ல.

ஆகவே என் முடிவு இது. மருந்துக்கான நிதி உதவி அவசரத்தில் உயிர் காக்கிறது. அதை யாரும் மறுக்கவோ பெறத் தயங்கவோ வேண்டாம். ஆனால் அதைத் தீர்வாக எண்ணி அரசும் சமூகமும் ஓய்ந்துவிடக் கூடாது. நிறுவனங்கள் தம் திட்டத்தின் நிபந்தனைகளைத் தமிழில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஒருவருக்குத் தொடங்கிய மருந்தை நடுவில் நிறுத்த மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் இந்த விண்ணப்பங்களுக்கென ஒரு சமூகப் பணியாளர் இருக்க வேண்டும். புறநோயாளியின் மருந்துச் செலவைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அரிய நோய் மருந்துகளை மாநிலங்கள் சேர்ந்து மொத்தமாக விலைபேசி வாங்க வேண்டும். சட்டம் தந்திருக்கும் கட்டாய உரிமத்தைச் சோராபெனிப்போடு முடிந்த கதையாக்காமல், தேவைப்படும்போது பயன்படுத்த வேண்டும்.

மருந்துச் சீட்டோடு கவலையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பணம் திரட்டத் தொடங்கும் முன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். இதற்கு ஜெனரிக் உண்டா? அரசு மருத்துவமனையில் கிடைக்குமா? நிறுவனத்தின் உதவித் திட்டம் இருக்கிறதா? கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீட்டில் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதுங்கள். நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல், வாங்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.