ஒருபொருட் பன்மொழியும் பொருள் வேறுபாடும்: இலத்தீன், தமிழ்த் தோற்பெயர்கள்

தோலைக் குறிக்கும் அதள், உரி, பச்சை முதலிய சொற்களை நிகண்டு மரபு ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. மனனத்திற்கு இம்முறை பெரிதும் துணைசெய்தது. ஆயின், இச்சொற்களை ஒருபொருட் பன்மொழியெனக் கற்பிக்குங்கால், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை ஐயமின்றி வைக்கலாம் என்னும் எண்ணம் மாணவரிடம் வேரூன்றிவிடுகின்றது. இது பொருந்துமா என்பதை இலத்தீனோடு ஒப்பிட்டு ஆராய்வோம்.

இலத்தீனில் மனிதரின் உயிருள்ள உடலைப் போர்த்திய தோல் பெரும்பாலும் 'குத்திஸ்' எனப்படும். விலங்கினின்று உரித்தெடுத்த தோல் 'பெல்லிஸ்' எனப்படும். தடித்த தோலும் பதனிட்ட தோலும் 'கோரியம்' ஆகும். படிகாரமிட்டு மென்மையாக்கியது 'அலூத்தா' ஆகும். உரோமப் படைவீரர் தோற்கூடாரங்களில் தங்கியதை, 'பெல்லிஸ்களின்கீழ்' இருந்தனர் என்றே அம்மொழியினர் கூறினர். இவ்வெல்லைகள் இறுக்கமானவை அல்ல. எனினும், கவிஞர்க்குப் பயன்படும் அளவிற்குத் தெளிவானவை.

உரோம அங்கதக் கவிஞர் ஜுவனால் தம் பத்தாம் அங்கதப் பாடலில் முதுமையின் அவலத்தைக் காட்டுமிடத்து, முதியவர் முகத்தில் 'குத்திஸ்' இருந்த இடத்தில் 'பெல்லிஸ்' இருப்பதாகக் கூறுகின்றார். இரு சொற்களையும் 'தோல்' என்றே பெயர்த்தால் தோலின் இடத்தில் தோல் என்றாகி, அங்கதம் அழிந்துவிடும். தோலின் இடத்தில் உரி என்றால் அதன் கூர்மை தமிழிலும் நிற்கின்றது.

உரித்தல் என்னும் வினையை உள்ளடக்கியிருப்பதனாலேயே உரி என்னும் சொல் இங்குப் பொருந்துகின்றது. சிவபெருமான் போர்த்தது யானையுரி. புலியதள் என்பதும் விலங்கினின்று நீங்கிய தோலே. பொருநராற்றுப்படையில் யாழின்மீது போர்த்தப்பட்ட தோல் பச்சை எனப்படுகின்றது. உரித்தல், போர்த்தல் என ஒவ்வொரு சொல்லும் தோலின் ஒரு நிலையைச் சுட்டி நிற்கின்றது. தோல் என்னும் பொதுச்சொல் இவை அனைத்தையும் தழுவுமாயினும், இவற்றுள் எதுவும் அதன் முழுப் பரப்பையும் தழுவாது.

ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களின் தமிழ் மாணவர்க்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. அவர்கள் உடன்பயிலும் மலாய் மொழியில் 'கூலிட்' என்னும் ஒரே சொல் மனிதத் தோல், பழத்தோல், மரப்பட்டை, முட்டையோடு, நூலட்டை ஆகிய அனைத்தையும் குறிக்கும். இது மலாயின் குறையன்று. அம்மொழி பொருளைப் பகுக்கும் முறை அது. பால்மரம் சீவியவர்களின் வழிவந்த மாணவர் பட்டை வேறு, தோல் வேறு என்பதை வீட்டுப் பேச்சிலேயே அறிவர். அவ்வறிவைத் தொடக்கமாகக் கொண்டு உரிக்கும் அதளுக்கும் அவர்களை அழைத்துச் செல்லலாம்.

ஆகவே, நிகண்டின் வரிசை சொற்களின் உறவைக் காட்டுவதேயன்றி, அவற்றின் சமன்மையை நிறுவுவதன்று. ஒருபொருட் பன்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர், சொற்பட்டியலோடு நில்லாது, ஒவ்வொரு சொல்லும் வரும் இடத்தையும் எடுத்துக்காட்டுதல் வேண்டும் என்பது நம் கருத்து. அவ்வாறு செய்யாவிடில் சொற்கள் அகராதியில் எஞ்சினும் அவற்றின் பயன்பாடு மறையும். மொழிபெயர்ப்பாளன் கைக்கு எட்டும் சொல்லும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.