ஃபேபரின் பாட்டும் நம் பாட்டுப் புத்தகங்களும்

1845-இல் ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கரான ஃபிரடெரிக் வில்லியம் ஃபேபர், ஞானப்பாட்டை ரோமைச் சபையில் கண்டெடுத்தவரல்லர், அங்கே கொண்டுசென்றவர். ஓல்னிப் பாட்டுகளிலும் வெஸ்லியரின் பாட்டுகளிலும் எளிய ஆங்கிலேயர் கொண்டிருந்த பற்றைக் கண்டு, கத்தோலிக்கருக்கும் அத்தகையவை வேண்டுமென்றே அவர் எழுதினார். உணர்ச்சிமிகுதி அவற்றின் குறை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் புராட்டஸ்டண்டாராகிய நம்மவர் அவற்றைக் கையாண்ட விதம் அதனினும் வருந்தத்தக்கது.

1849-இல் வெளிவந்த 'ஃபெய்த் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்', சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஆட்சியாளரின் கீழ்த் துன்புற்ற கத்தோலிக்கரை நினைந்து எழுந்தது. மரியாளின் வேண்டுதலால் இங்கிலாந்து அவர்தம் விசுவாசத்துக்குத் திரும்பும் என்ற கருத்தை மாற்றிவிட்டு, நம் பாட்டுப் புத்தகங்கள் பல அதைத் தமதாக்கிக்கொண்டன. ஒடுக்கியவரின் பிள்ளைகள் ஒடுக்கப்பட்டவரின் புலம்பலைத் தம் வெற்றிப்பாட்டாகப் பாடுகின்றனர்! பாட்டை விலக்குமாறு நாம் கூறவில்லை. அந்தப் பிதாக்கள் யாரென்று போதகர் சபைக்குச் சொல்லிவிட்டே பாடுவிக்கட்டும்.