ஒன்பதாம் வீடும் ஒன்பது பொதிகளும்

"மாமா, இதுல பேய் வருது, சூனியம் வருது. வாசிச்சாப் பாவமா?" என்று கேட்டபடிதான் தங்கச்சியின் மகள் அந்தப் புத்தகத்தை நீட்டினாள். கெம்பஸ் லீவுக்குத் திருகோணமலை வந்திருந்தாள். லீ பார்டுகோ 2019இல் எழுதிய 'நைன்த் ஹவுஸ்' என்ற ஆங்கில நாவல். மௌத்தானவர்கள் பர்ஸகில் இருக்கிறார்கள், தெருவில் அலைவதில்லை என்பது நமது ஈமான். கதையைக் கதையாக வாசிக்க அது தடையில்லை என்றேன். ஆனால் வன்முறையும் பாலியல் கொடுமையும் பச்சையாக வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது.

கதை நடப்பது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில். ஸ்கல் அண்ட் போன்ஸ் போன்ற இரகசியச் சங்கங்கள் அங்கே உண்மையாகவே உண்டு. அது 1832இல் தொடங்கியது. நாவலில் எட்டுச் சங்கங்கள் மந்திரம் செய்கின்றன. அவற்றைக் கண்காணிக்கும் ஒன்பதாவது வீடு லீத்தி. பள்ளிப் படிப்பையே முடிக்காத அலெக்ஸ் என்ற பெண்ணின் கண்ணுக்குப் பேய்கள் தெரியும். அந்தக் கண்ணுக்காகவே அவளுக்கு இடம் கிடைக்கிறது.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. நாதியற்ற மனநோயாளி ஒருவரை மயக்கிக் கிடத்தி, உயிரோடு வயிற்றைத் திறந்து, குடலைப் பார்த்துப் பங்குச் சந்தையின் போக்கைக் கணிக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். பிறகு தைத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்குப் பேயைவிடப் பயம் தந்தது அந்தக் குறிப்புப் புத்தகம்தான்.

அடுத்து, டாரா என்ற ஊர்ப் பெண் கொலையாகிறாள். அவள் மாணவியல்ல, ஆகவே பல்கலைக்கழகத்துக்கு அவள் ஒரு தொந்தரவு மட்டும். "பொலிஸ் பார்த்துக்கொள்ளும், நீ படி" என்கிற தோரணையில் டீன் பேசுகிறார். அலெக்ஸ் விடுவதில்லை. செத்தது தானாகவும் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். நாவலின் உயிர் அந்தப் பிடிவாதத்தில்தான் இருக்கிறது.

"நம்மட கெம்பஸ் கதைதானே மாமா" என்றாள் மருமகள். பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. அவளோ முதல் வருடம் முழுக்க வாய் திறக்கவில்லை. சொன்னால் பெயர் கெட்டுப்போகும் என்றார்களாம். யாருடைய பெயர் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. சங்கங்களின் பெயர்கள் மனதில் பதிவதற்குள் நூறு பக்கம் போய்விடும். ஒரு நுணுக்கம் பிடித்தது: மரணத்தைப் பற்றிய சொற்களைக் கேட்டால் பேய்கள் விலகி ஓடும். மௌத்துச் செய்தி கேட்டதும் நாம் 'இன்னாலில்லாஹி' சொல்கிறோம். அது உயிரோடு இருக்கிற நமக்கு.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. யேல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் காலத்தில் அங்கிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். 1718இல் அவர் அந்தக் கல்லூரிக்கு அனுப்பியவை 417 புத்தகங்கள், அரசரின் படம், ஒன்பது பொதிச் சரக்கு. மஸ்லினும் காலிகோவும் அதில் இருந்தன. விற்றதில் 562 பவுண் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. வீடும் ஒன்பது, பொதியும் ஒன்பது. தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

சோழமண்டலக் கரையில் வாடைக்குப் பாதுகாப்பான துறை இல்லாததால்தானே வெள்ளைக்காரனுக்கு நமது திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் அவ்வளவு கண். அந்தத் துணி போன கடல்தான் நம் வாசலில் கிடக்கிறது. ஊர்ப் பெண்ணின் பிணத்துக்கு நியாயம் கேட்கிற கதை, பெயரைக் கொடுத்த மதராஸ் பக்கம் திரும்பவில்லை. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024 பெப்ரவரியில் பல்கலைக்கழகமே மன்னிப்புக் கேட்டிருக்கிறது.

இரண்டாம் பாகம் 'ஹெல் பென்ட்' 2023இல் வந்தது. அதை இப்போது மருமகள் வைத்திருக்கிறாள். முடித்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் வருடக் கதையையும் சேர்த்துச் சொல்லு என்று கேட்டிருக்கிறேன்.