நிற்க வைக்கும் நாற்காலி

தண்டுவடம் அடிபட்டோர் எப்போதும் அமர்ந்தேயிருந்தால் புண்ணும் எலும்பு நலிவும் வரும். சென்னை ஐ.ஐ.டி. 2019-இல் வெளியிட்ட 'அரைஸ்' சக்கர நாற்காலி அவர்களை நிற்கச் செய்கிறது. அதை இயக்கக் கைவலிமையே போதும். அறிவித்த விலை சுமார் ரூ.15,000. பாராட்டத்தக்க பணி!

ஆனால், வாசகர்களே, தாமிரபரணிக் கரைத் தெருக்களின் வாசற்படிகளை நோக்குங்கள். படியின் உயரம் முன்சக்கரத்தின் ஆரத்துக்குச் சமமானால், கிடையாக எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் ஏறாது. எழுந்து நிற்கலாம், தெருவுக்கு இறங்க முடியாது!

1981-இல் ஆய்குடியில் அமர்சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும் தண்டுவடம் அடிபட்டவரே. இத்தகையோர் வாழுமிடத்தையும் கணக்கில் கொள்வதே முழுமையான வடிவமைப்பு. நாற்காலியோடு சாய்தளமும் சேர வேண்டும். அதைக் கட்டும் பொறுப்பு ஐ.ஐ.டி.யுடையதன்று, ஊராருடையது, நம்முடையது.