பொய் சொல்லத் தெரியாத மலைவாசி

பெரம்பலூரில் ஒரு கூட்டத்துக்குப் பேசப் போயிருந்தேன். ‘தமிழ் நாவலில் மலைமக்கள்’ என்பது எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு. நாற்பது நிமிஷம் பேசினேன். சுமாராகத்தான் பேசினேன். கூட்டம் முடிந்து காப்பி கொடுத்துக் கொண்டிருந்தபோது, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னார். பச்சைமலைக்காரர். மேலே குச்சிக்கிழங்கு போடுகிறவர். மகளுடைய சான்றிதழ் விஷயமாகக் கலெக்டர் ஆபீசுக்கு வந்தவர், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கூட்டம் நடந்ததால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

“நீங்க சொன்ன புஸ்தகத்துலயெல்லாம் எங்க ஆளுங்க ஒருத்தராவது பொய் சொல்றாங்களா சார்?” என்றார்.

கேள்வியில் குத்தல் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “கிழங்கை எடை போடுறப்ப நாங்க மண்ணைத் தட்டாமத்தான் போடுவோம். ஆலைக்காரன் பாயிண்டுல அடிப்பான், நாங்க மண்ணுல அடிப்போம். இதெல்லாம் எழுத மாட்டீங்களா?”

விவரம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்று பாயிண்டுக் கணக்கில் பார்த்துத்தான் ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் விலை போடுகின்றன. பாயிண்டு பார்ப்பது வாங்குகிறவன். விற்கிறவன் கையில் இருப்பது கிழங்கில் ஒட்டிய மண் மட்டும்தான். ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம் இது. எந்த நாவலில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அன்று நான் பேசிய புஸ்தகங்களைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ 1963ல் வந்தது. நீலகிரிப் படகர்களின் கதை. அணை வேலையும் தேயிலையும் அந்த மலையைப் புரட்டிப் போட்டதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். கணவர் மின்சார என்ஜினீயர். அந்த வேலையைச் செய்தவர்கள் குடியிருப்பிலிருந்து எழுதப்பட்ட நாவல் அது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மாறுதலுக்காக வருத்தப்படுகிற போதும், அது வந்தே தீரும் என்ற நிம்மதி அந்தப் பக்கங்களில் இருக்கிறது. கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’ கொல்லிமலையைப் பற்றியது. அதில் மலைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். நல்லது. எழுந்து நிற்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் கீழேயிருந்து வரவேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004ல் வந்தது. அதன் முதல் பாதி தமிழில் காட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்தவற்றுள் சேரும் என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் பாதியில், வீரப்பன் வேட்டை என்ற பெயரில் நடந்த சித்திரவதை வந்ததும், முதல் பாதியில் மனிதர்களாக நடமாடியவர்கள் அடிபடும் உடம்புகளாகிவிடுகிறார்கள். உண்மை அப்படித்தான் இருந்தது என்று ஆசிரியர் சொல்லலாம். அவர் வழக்கறிஞர், சாட்சி சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. 1992 ஜூன் 20ல் வாச்சாத்தியில், இதே மலையாளி ஜனங்களின் ஊரில், அரசாங்க உத்தியோகஸ்தர்கள் செய்ததை நினைத்தால் யாரும் அந்தக் கடமையை லேசாகப் பேச முடியாது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேருக்குத் தண்டனை கிடைக்க 2011 ஆயிற்று. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆயிற்று. சாட்சி சொல்வதற்கே முப்பது வருஷம் போய்விட்டால் கிழங்கில் மண் ஒட்டியிருப்பதைப் பற்றி எழுத யாருக்குத்தான் பொழுது இருக்கும்?

ஆனாலும் பச்சைமலைக்காரர் கேட்டதற்கு இது பதில் அல்ல.

‘மலையாளி’ என்று எழுதியதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன், சேர்வராயன் மலைகளில் இருக்கும் தமிழ் பேசும் மக்களுக்கு அதுதான் பெயர். மலையை ஆளுகிறவர்கள் என்று அவர்கள் அர்த்தம் சொல்லிக்கொள்கிறார்கள். அரசாங்கப் பழங்குடிப் பட்டியலில் இந்தப் பெயரோடு ஜில்லாக்களின் பெயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய திருச்சி ஜில்லா அதில் உண்டு. ஆகையால் 1995ல் அதிலிருந்து பிரிந்த பெரம்பலூரின் பச்சைமலைக்காரருக்குச் சான்றிதழ் உண்டு. அலைய வேண்டும், அவ்வளவுதான். ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளிக்கு, ஜில்லாவின் பெயர் பட்டியலில் இல்லாத குற்றத்துக்காக, அது கிடைக்காமல் போயிற்று. பல்லாண்டுகளாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதன் யார் என்பதை ஜில்லா எல்லைக்கல் சொல்கிற விந்தையை நான் கற்பனை செய்திருந்தால் விமர்சகர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

இவர்களுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டார்கள். ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள். 1909ல் ஏழு பாகங்களில் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிப் புஸ்தகம் போட்ட எட்கர் தர்ஸ்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். மனிதர்களின் மூக்கை அளந்து பார்த்த மனிதர் அவர். மூத்தவன் எந்த மலைக்குப் போனான், இளையவன் எந்த மலைக்கு, எந்த ஜாதிப் பெண்களைக் கட்டினார்கள் என்பது சொல்கிறவருக்குத் தகுந்தபடி மாறும். தர்ஸ்டன் போன்றவர்களுக்கு இது ஆதாரக் குறைவு. எனக்கோ இது வேறுவிதமாகப் படுகிறது. கீழேயிருந்து வருகிறவன், ‘நீ காட்டான்’ என்று சொல்லுமுன்பே, ‘நானும் உன் ஊர்க்காரன்தான், உனக்கு முந்தி ஏறினவன்’ என்று சொல்லிவிடுகிற கதை இது. கேட்கிறவன் யார் என்று பார்த்துத்தான் சொல்கிறார்கள். அளக்க வந்தவனையே அளந்திருக்கிறார்கள். நம் நாவல்களில் மலைக்காரன் இந்த வேலையைச் செய்வதே இல்லை. அவன் பார்க்கப்படுகிறான், பார்ப்பதில்லை.

பெரம்பலூரிலிருந்து திரும்பிய சில நாட்களில் ஒரு கனடா தேசத்துப் புஸ்தகம் கிடைத்தது. அதன் நினைவு கலக்காமல் இப்போது இதை எழுத முடியவில்லை. ஆன் அந்தான் கபேஷ் என்ற இன்னு இனத்துப் பெண்மணி 1976ல் எழுதியது. இன்னுக்கள் வடகிழக்குக் கனடாவில் பனிக்காட்டில் மான்கூட்டத்தின் பின்னால் அலைந்து வாழ்ந்தவர்கள். கபேஷ் 1926ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வேட்டை வாழ்க்கையில் வளர்ந்தவர். இரண்டு வருஷம் தம் மக்களுக்குத் தலைவராக இருந்தவர். தம் மொழியிலேயே எழுதினார். பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு சேர்த்து அச்சிட்டார்கள். ஆங்கிலத்தில் முழுசாக வர 2020 ஆயிற்று. பாழாய்ப்போன காட்டுமிராண்டிப் பெண் நான் என்கிற மாதிரி தலைப்பு. வெள்ளைக்காரன் எறிந்த வசவை எடுத்துத் தானே நெற்றியில் பொட்டாக வைத்துக்கொள்கிறார்.

இதில் ‘எங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது தெரியுமா’ என்ற ஏக்கம் கொஞ்சம்தான். மற்றப் பக்கங்களெல்லாம் வெள்ளைக்காரனைப் பற்றியவை. அவனுடைய பள்ளிக்கூடம், அவனுடைய வேட்டைக் காவலன், அவனுடைய சாராயக் கடை, போலீஸ், கோர்ட்டு, கடைசியில் பத்திரிகைக்காரனும் சினிமாக்காரனும். ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்து விசாரிக்கிறார். தர்ஸ்டன் செய்ததைத் திருப்பிச் செய்கிறார் என்றுகூடச் சொல்லலாம், மூக்கை அளக்கவில்லை என்பதைத் தவிர. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது படிக்க அலுப்புத் தருகிறது. மனு எழுதி எழுதிப் பழகியவர்களின் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

அவர் ஊர்ப்பக்கம் ஷெஃபர்வில் என்ற இடத்தில் இரும்புச் சுரங்கம். 1954ல் தாது ஏற்றுமதி ஆரம்பித்தது. அந்தத் தாதுவை யார் கண்டுபிடித்தது என்பதற்கு அவர் ஓர் அத்தியாயமே எழுதுகிறார். வெள்ளைக்காரர் புஸ்தகங்களில் வெள்ளைக்காரர் பெயர் இருக்கிறது. தம்மவர் முன்பே அறிந்து காட்டியது என்கிறார் அவர். எனக்கு இங்கே சாத்தனூர் ஞாபகம் வந்தது. பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துக்கு, ஓடைக்கரையில் கிடக்கிறது. 12 கோடி வருஷத்துக்கு முந்தியது என்கிறார்கள். 1940ல் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறது. அவர் பெரிய அறிஞர். அது என்ன என்று முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். ஆனால் அந்த ஓடைக்கரையில் ஆடு மேய்த்தவர்கள் அதன்மேல் எத்தனை தலைமுறையாக உட்கார்ந்து சோறு தின்றிருப்பார்கள்! அவர்கள் அதை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்று யாராவது கேட்டு எழுதியிருந்தால் தேவலை.

பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர், அரியலூர் வழியாகப் போய்க் கொள்ளிடத்தில் சேருகிறது. அதன் போக்கிலேயே போனால் அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள். இன்னும் கிழக்கே, ஜெயங்கொண்டத்தில், பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கென்று 1990களில் ஜனங்களிடம் வாங்கிய நிலம். கரி எடுக்காமலேயே வருஷங்கள் போயின. நஷ்டஈட்டு வழக்கு மட்டும் நடந்தது. ஷெஃபர்வில் சுரங்கத்தையும் 1982ல் மூடிவிட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், இன்னுக்கள் இருக்கிறார்கள். அரியலூர்க்காரர் யாரும் கபேஷைப் போல ஒரு புஸ்தகம் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. பழங்குடிகள் மட்டுமல்ல, முந்திரிக் கொல்லை வைத்திருந்த சாதாரணக் குடியானவன்கூட ஆலையையும் ஆபீசையும் இப்படி நிறுத்தி வைத்து விசாரித்திருக்கலாம்.

இதையெல்லாம் எழுதும் யோக்கியதை எனக்கு உண்டா என்பது வேறு சங்கதி. பல வருஷங்களுக்கு முன் நானும் ஒரு கதை எழுதினேன். மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கும் கிழவன். பட்டணத்துக்காரன் கொடுத்த செல்லாத நோட்டை வாங்கிக்கொண்டு, தெரிந்தும் புன்னகை செய்துவிட்டுப் போகிறான். பாராட்டி நிறையக் கடிதம் வந்தது. பச்சைமலைக்காரரிடம் அந்தக் கதையைச் சொன்னேன்.

சிரித்தார். “தேன் எங்க வாங்கினதுன்னு கேட்டீங்களா?” என்றார். “பாதிக்குப் பாதி வெல்லப் பாகு. நோட்டுக்கு அது சரியாப் போச்சு.”

மழை விட்டிருந்தது. துறையூர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று புறப்பட்டார். போகிற அவசரத்திலும், மூன்று சகோதரர்களில் தம்முடைய மலைக்கு வந்தவன்தான் மூத்தவன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.